மூடி போட்ட கூடை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெற்ற பிள்ளை உடம்பெல்லாம் தடித்துச் சிவந்து, சொறிந்து சொறிந்து படுக்கை விரிப்பில் ரத்தக் கோடு போட்டுக்கொண்டு கிடந்தால் ஒரு தாய் என்ன செய்வாளோ, அதைத்தான் நானும் செய்தேன். மருந்தடிக்காத காய்கறிக்கு மாறினேன். விலையைக் கேட்டால் தலை சுற்றும். சுற்றட்டும் என்று மாறினேன். அதுவரைக்கும் என்மேல் யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் வாய் கூசுகிறது.

எங்கள் வீட்டில் இரண்டு குடும்பம், ஒரு சமையலறை. மாடியில் நாங்கள். கீழே என் கொழுந்தனும் அவர் மனைவியும். அவளை எல்லோரும் சின்னவள் என்றே சொல்வோம். என் வீட்டுக்காரர் ஒரு கட்டட நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறார். கொழுந்தன் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். நான் மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிறவள். சின்னவள் வீட்டிலேயே இருந்து, ஒரு துணிக் கம்பெனிக்குச் சட்டைப் பொத்தான் தைத்துக் கொடுக்கிறாள். காலைச் சமையல் அவளுடையது, இரவுச் சமையல் என்னுடையது. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் இரண்டையும் பார்த்துக்கொள்வதும் அவள்தான். என் பையன் வாண்டுவைக் குளிப்பாட்டி, சொறிந்த இடத்தில் களிம்பு தடவி, கதை சொல்லித் தூங்க வைத்ததெல்லாம் அவள் கை. இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

அவள் பெண் வாண்டுவைவிட ஒரு வயது இளையவள். மழையில் ஆடுவாள், மண்ணில் புரள்வாள், தும்மல்கூட வராது. என் பிள்ளை ஒரு பக்கம் சொறிந்துகொண்டிருக்க, இவள் மறுபக்கம் கொழுகொழுவென்று ஓடுவதைப் பார்த்து ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"இது பிள்ளையில்ல, இரும்பு. இதுக்கு ஒண்ணும் ஆகாது."

எல்லோரும் சிரித்தோம். அன்றிலிருந்து அவள் பெயரே இரும்பு என்று ஆகிப்போனது. யாராவது கூப்பிட்டால் கையை மடக்கிக் காட்டுவாள். சதை இருக்காது, ஆனால் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

ஆர்கானிக் கடைக்காரன் வாரம் ஒரு பெட்டி அனுப்புவான். கேரட் கோணல்மாணலாக இருக்கும். கீரையில் ஓட்டை இருக்கும். ஆப்பிள் சின்னதாக, மேலெல்லாம் புள்ளி விழுந்து, பார்த்தால் வாங்கத் தோன்றாது. அதையெல்லாம் போட்டு வைக்க ஒரு பச்சைக் கூடை வாங்கினேன், மூடியோடு. மற்றவர்களின் காய் பழைய மூங்கில் தட்டில் கிடக்கும். பச்சைக் கூடைக் காய்க்குத் தனிப் பானை, தனிக் கத்தி, தனிக் கரண்டி. கரண்டி மாறிவிடக் கூடாது என்று அதன் காம்பில் சிவப்பு நூல் சுற்றி வைத்தேன். பாலும் தனி. சின்னவளுக்கு எல்லாவற்றையும் ஒரு முறைதான் சொன்னேன். அதன் பிறகு அவள் ஒரு நாளும் கரண்டியை மாற்றிப் போட்டதில்லை.

வாண்டுவுக்குத் தடிப்பு மறைந்தது. டாக்டர் சோப்பையும் மாற்றச் சொல்லியிருந்தார், அதையும் மாற்றியிருந்தேன். எது சரி செய்தது என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. ஆனால் கேட்கிறவர்களிடமெல்லாம் காய்கறிதான் என்றேன். உடம்பு தேறிய பிறகு கூடையை எடுத்துவிட்டேனா என்றால், இல்லை. பானையில் மிஞ்சுகிறதை வீணாக்குவானேன் என்று நான் சாப்பிட ஆரம்பித்தேன். பிறகு என் வீட்டுக்காரரும். பிறகு மிஞ்சட்டும் என்றே கூடச் சமைக்கச் சொன்னேன். ஆக, ஒரே மேசையில் மாடிக்காரர்கள் மூன்று பேருக்கு ஒரு பானை, கீழ்வீட்டுக்காரர்கள் மூன்று பேருக்கு ஒரு பானை. பரிமாறுகிறவள் சின்னவள்.

எப்போதாவது மனசு உறுத்தாதா என்று கேட்பீர்கள். உறுத்தும். உடனே ஒரு சமாதானம் வந்து நிற்கும். அவரவர் சம்பாதிக்கிறார்கள், அவரவர் வாங்குகிறார்கள். நானா வேண்டாம் என்கிறேன்? ஒரு தடவை இரும்புக்குக் காய்ச்சல் வந்தது. ஆமாம், இரும்புக்கும் காய்ச்சல் வரும். சின்னவள் என்னிடம் வந்து தயங்கித் தயங்கி நின்றாள்.

"அக்கா, அந்தப் பால் ஒரு டம்ளர் கெடைக்குமா? புள்ளைக்கு வாய் கசக்குதாம். இது கொஞ்சம் ருசியா இருக்கும்னு..."

"கொதிக்க வச்சா எல்லாப் பாலும் ஒண்ணுதாம்மா," என்றேன்.

சரிக்கா என்று போய்விட்டாள். அந்தப் பாலில் என்ன விசேஷம் என்று கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்துக்கொண்டிருந்த வாய்தான் இப்படிச் சொன்னது. அன்றைக்கு அது எனக்குத் தப்பாகவே தெரியவில்லை.

இப்போது நடந்த கதைக்கு வருகிறேன். போன வாரம் எனக்கு மதியமே தலைவலி. அனுமதி கேட்டுக்கொண்டு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்த நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். பின்பக்கத் துணிக்கொடிக்கு அடியில் இரும்பு உட்கார்ந்து எதையோ கடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் கொண்டுபோனாள். நான் பார்த்துவிட்டேன். ஆப்பிள். சின்னது, புள்ளி விழுந்தது.

எனக்குச் சுருக்கென்றது. நேராகச் சமையலறைக்குப் போய்ப் பச்சைக் கூடையைத் திறந்தேன். ஆப்பிள் குறைந்ததாகத் தெரியவில்லை. எடுத்தால் குறைய வேண்டாமா? அங்கேதான் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. நல்லதை எடுத்துத் தன் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதை வாங்கி என் கூடையில் போடுகிறாள். என் பிள்ளை வாயில் மருந்தடித்த பழம். நினைக்க நினைக்க எனக்கு வயிறு எரிந்தது.

வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று ஒரு வெறி. எங்கள் மருந்துக் கடையில் எழுத்துக் கூட்டத் தெரியாத பெரியவர்களுக்காக மாத்திரை அட்டையில் வட்ட ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுப்போம். காலை மாத்திரைக்கு மஞ்சள், இரவு மாத்திரைக்கு நீலம். அந்த மஞ்சளில் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்தேன். புதுப் பெட்டி வந்ததும், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒவ்வொரு ஆப்பிளையும் கவிழ்த்து, அடிக்குழியில் யார் கண்ணுக்கும் படாமல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன். நோயாளிக்கு உதவ வைத்திருந்ததை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடையைக் கிளறினேன். ஸ்டிக்கர் இல்லாத ஆப்பிள்கள் இருந்தன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மை அதுதான். வயிற்றெரிச்சல் போய்ச் சந்தோஷம் வந்துவிட்டது.

மதியம் ஆறு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். சின்னவள் முதலில் எங்கள் பானையிலிருந்து எங்களுக்குப் பரிமாறி, கரண்டியை வைத்துவிட்டு, அடுத்த பானையைக் கையில் எடுத்தாள். நான் எழுந்துபோய்ப் பச்சைக் கூடையைத் தூக்கிவந்து மேசையின் நடுவில் கவிழ்த்தேன். ஆப்பிள் உருண்டு என் வீட்டுக்காரர் தட்டில் முட்டி நின்றது.

"என்ன பண்றே?" என்றார் அவர்.

"நீங்க சும்மா இருங்க. எல்லாரும் பாருங்க. இது மஞ்சள் ஒட்டினது, நான் வாங்கினது. இது ஒட்டாதது. இது எங்கேருந்து வந்துச்சு?"

ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டி இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரித்து வைத்தேன். நீதிபதிகூடத் தோற்றுப்போவார். சின்னவள் பானையைப் பிடித்தபடி நின்றாள். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்து, பார்த்தாயா மாட்டிக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன்.

"என்ன அண்ணி இது? எனக்கு ஒண்ணும் புரியல," என்றார் கொழுந்தன்.

"உங்க பொண்டாட்டிக்குப் புரியும். நல்ல பழத்த எடுத்து உங்க புள்ளைக்குக் குடுத்துட்டு, மட்டமான பழத்த என் கூடையில போடுறா. புள்ளி விழுந்ததா பாத்துப் பாத்துப் பொறுக்கியிருக்கா, எனக்குத் தெரியக் கூடாதுன்னு. என் புள்ளைக்குத் திரும்பவும் உடம்பு தடிச்சா யாரு பதில் சொல்றது?"

வாண்டுதான் வாயைத் திறந்தான். சோற்றுக் கையோடு ஆப்பிளைச் சுட்டிக் காட்டினான்.

"நான்தாம்மா குடுத்தேன். ஸ்கூல் விட்டு வந்ததும் நான் பாதி, இரும்பு பாதி. ஒரு நாள் முழுசாவே குடுத்தேன். சித்தி வேணாம்னு திட்டுனாங்க. அதான் ஒளிச்சுக் குடுத்தேன்."

"நீ சும்மா இரு. அப்ப இந்தப் பழமெல்லாம்?"

சின்னவள் பானையைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். குரல் உயரவே இல்லை.

"அதே கடையில வாங்கினதுதான் அக்கா. அவ தின்னதுக்குப் பதிலா வாங்கி வச்சேன். கொறஞ்சா நீங்க கேப்பீங்க. கேட்டா புள்ளைங்க மேலதான் சொல்லணும். எதுக்கு வம்புன்னு."

கொழுந்தன் அவளைத் திரும்பிப் பார்த்தார். "அந்தக் கடை எங்க இருக்கு, ரெண்டு பஸ் மாறணுமே. நூல் வாங்கப் போறேன்னு சொன்னியே."

"நூலும் வாங்கினேன்," என்றாள்.

அவள் விரல் நுனியைப் பார்த்தேன். ஊசி குத்திக் குத்திக் கறுத்திருந்தது. கம்பெனிக்காரன் ஒரு மூட்டைச் சட்டைக்கு எவ்வளவு தருவான் என்று எனக்குத் தெரியும். ஆர்கானிக் ஆப்பிள் என்ன விலை என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? என் பிள்ளை பாசத்தில் கொடுத்த பழத்துக்கு, இவள் பொத்தான் தைத்து, பஸ் ஏறிப் போய், அதே சாதிப் பழமாகக் கேட்டு வாங்கிவந்து, மூடியைத் திறந்து உள்ளே வைத்துவிட்டு மூடியிருக்கிறாள். தன் பிள்ளைக்கென்று ஒன்று கூட வாங்கவில்லை.

அந்த இடத்தில் நான் அவள் காலில் விழுந்திருந்தால்கூடத் தகும். என்ன செய்தேன் தெரியுமா? விட்டுக்கொடுக்க மனம் வராமல் சொன்னேன்.

"கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேனா?"

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான். பாலைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், தப்பித்திருப்பேன். கொதிக்க வச்சா எல்லாப் பாலும் ஒண்ணுதாம்மா என்ற என் குரல் எனக்கே கேட்டது. என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தத் தட்டில் இருந்ததும் பச்சைக் கூடைக் காய்தான்.

கொழுந்தன் காலித் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். கத்தவில்லை. "நான் வேற வீடு பாக்குறேன் அண்ணா," என்று அண்ணனிடம் மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். என்னைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, வெளியே போகும்போது போயிட்டு வரேன் அண்ணி என்று சொல்லாமல் போகாத மனிதர்.

அன்று மாலை முழுக்க மாடியிலேயே கிடந்தேன். வெட்கம் என்றால் ஏதோ முகம் சிவப்பது என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. எங்கே உட்கார்ந்தாலும் உட்கார முடியவில்லை. கீழே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் என்னுடைய முறை.

கடைசியில் இறங்கிப் போனேன். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் போனேன். படியில் ஒத்திகையெல்லாம் பார்த்தேன். சமையலறையில் சின்னவள் முதுகைப் பார்த்ததும் வாயில் வந்தது வேறு.

"டீ போடட்டுமா?"

"இப்பத்தான் குடிச்சேன்க்கா."

கரண்டி மாட்டும் கம்பியில் சிவப்பு நூல் சுற்றிய கரண்டி அதன் இடத்திலேயே தொங்கியது. இத்தனை நடந்த பிறகும் கழுவி, துடைத்து, தனியாகவே மாட்டியிருக்கிறாள். நான் அதை எடுத்து நூலை அவிழ்க்கப் போனேன். முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்துப் பார்த்தேன்.

"நூலை எடுத்துட்டா எது எதுன்னு தெரியாதுக்கா. கலந்துடும்."

"கலக்கட்டும்."

குழாயை மூடினாள். பிறகு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"அவரு வீடு பாக்குறாரு. எங்க போனாலும் பக்கத்துலதான் பாப்போம். வாண்டுவ நான் பாத்துக்குவேன். அதப் பத்திக் கவலப்படாதீங்க."

குத்திக் காட்டச் சொல்லவில்லை. நிஜமாகவே என் கவலையைத் தீர்க்கச் சொன்னாள். மதியத்திலிருந்து மாடியில் படுத்துக்கொண்டு நான் நினைத்ததில் அதுவும் இருந்தது. இவள் போய்விட்டால் பிள்ளையை யார் பார்ப்பார்கள், என் வேலை என்ன ஆகும் என்று. அவளுக்கு என்னைத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் அவளைத் தெரியவில்லை.

"போகாதே," என்றேன். அது மட்டும் நேராக வந்துவிட்டது. "போகாதம்மா. நான் பேசினது தப்பு. பேசினது மட்டுமில்ல, செஞ்சதெல்லாமே தப்பு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "அவருகிட்ட சொல்லுங்க" என்றாள். மன்னிப்புக் கேட்க வேண்டியது அவரிடமும்தான்.

மேசையில் ஆப்பிள்கள் நான் பிரித்து வைத்தபடியே கிடந்தன. யாரும் தொடவில்லை. நான் உட்கார்ந்து மஞ்சள் ஸ்டிக்கரையெல்லாம் நகத்தால் சுரண்டி எடுத்தேன். எடுத்த பிறகு எது என்னுடையது, எது அவளுடையது என்று எனக்கே தெரியவில்லை. எல்லாவற்றையும் மூங்கில் தட்டில் கொட்டினேன். பச்சைக் கூடையின் மூடியைக் குப்பையில் போட்டேன். விலை அதிகம்தான். ஆறு பேருக்கும் கட்டுப்படியாகிற அளவுக்கு வாங்குவோம், மற்றதை எல்லோருமே சாதாரணக் கடையில் வாங்கிச் சாப்பிடுவோம். இவ்வளவு சின்ன யோசனை எனக்கு இத்தனை நாள் வரவில்லை பாருங்கள்.

நல்லதாக ஒரு பழத்தை எடுத்து, தோலோடு துண்டு போட்டு, ஒரே தட்டில் வைத்தேன். வாண்டு ஓடிவந்து இரண்டு துண்டை ஒரே நேரத்தில் வாயில் திணித்தான். இரும்பு வாசற்படியிலேயே நின்றாள். மதியம் நான் பேசியது அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. முழங்காலில் மண் ஒட்டியிருந்தது.

"வாடா கண்ணு, எடுத்துக்கோ."

அவள் தட்டைப் பார்த்தாள். எச்சில் விழுங்கியது எனக்குத் தெரிந்தது. ஆனால் கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"பெரியம்மா தரேன். இனிமே எல்லாருக்கும்தான். எடுத்துக்கோம்மா."

நான் கெஞ்சுவதைப் பார்த்து அவளுக்கு என்னவோ போலிருந்திருக்க வேண்டும். கிட்டே வந்தாள். தட்டை அண்ணன் பக்கம் மெதுவாகத் தள்ளி வைத்தாள். பிறகு எனக்குத் தைரியம் சொல்கிற மாதிரி ஒரு கையை மடக்கி, இல்லாத சதையை விரலால் அமுக்கிக் காட்டினாள்.

"அண்ணனுக்கே குடுங்க பெரியம்மா. நான் இரும்பு. எனக்கு ஒண்ணும் ஆகாது."